“எங்களுக்குப் பாதுகாப்பே இல்லையா, ஆளுநர் ஐயா?”



‘கடிதங்கள் சொல்லும் வரலாறு’ என்று தலைப்பு கொடுத்ததும் பலருக்குத் தலைவர்கள் எழுதிய கடிதங்கள்தான் நினைவுக்கு வரும். நான் பேச எடுத்துக்கொண்டது தலைவர்கள் எழுதியவை அல்ல, ஒரு தலைவருக்குச் சாமானியர்கள் எழுதியவை. எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதங்கள், அவசரத்தில் கிறுக்கிய கடிதங்கள். 1875-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தென்மாநிலமான மிஸிஸிப்பியின் ஆளுநர் அடல்பர்ட் ஏம்ஸுக்கு அவை வந்து சேர்ந்தன.

முதலில் ஒரு சிறு விளக்கம். மலேசியாவில் ஆளுநர் என்றால் பினாங்கு, மலாக்கா போன்ற மாநிலங்களின் சடங்குமுறைத் தலைவர். அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் மந்திரி பெசாரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஆபத்து வந்தால் மக்கள் அவருக்கு எழுதுவது இயல்பு.

ஏன் அப்படி ஓர் ஆபத்து?

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. அதன்பின் தென்மாநிலங்களைச் சீரமைத்த காலத்தை ‘மறுசீரமைப்புக் காலம்’ என்கிறார்கள். 1867 முதல் அங்கே கறுப்பின ஆண்கள் வாக்காளர்களாகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1870-இல் அந்த உரிமை நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றது. மிஸிஸிப்பி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். நேற்று வரை சந்தையில் விற்கப்பட்டவர்கள் இன்று மாநிலத்தின் தலைவிதியை முடிவு செய்கிறவர்கள்! இதைப் பழைய எஜமானர்களால் தாங்கிக்கொள்ள முடியுமா?

ஏம்ஸ் வடக்கே மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். போரில் வடக்கின் தளபதியாக இருந்து, நாட்டின் மிக உயரிய வீர விருதைப் பெற்றவர். 1873 தேர்தலில் குடியரசுக் கட்சியின் சார்பில் நின்று, கறுப்பின மக்களின் ஓட்டால் வென்றார். 1874 ஜனவரியில் ஆளுநராகப் பதவியேற்றார். அன்றைய ஜனநாயகக் கட்சி அங்கே வெள்ளையர் ஆதிக்கத்தின் கட்சி. ‘எப்படியாவது 1875 தேர்தலில் ஆட்சியைப் பிடிப்பது’ என்று அக்கட்சி முடிவு செய்தது. அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லுக்குள் துப்பாக்கியும் அடக்கம். இதற்குப் பின்னாளில் ‘மிஸிஸிப்பித் திட்டம்’ என்றே பெயர் ஏற்பட்டது.

1874 டிசம்பரிலேயே விக்ஸ்பர்க் நகரில் அதன் ஒத்திகை நடந்துவிட்டது. பீட்டர் கிராஸ்பி என்ற கறுப்பின ஷெரீப்பை, அதாவது மாவட்டத்தின் காவல் பொறுப்பாளரை, ஆயுதக் கும்பல் மிரட்டிப் பதவி விலக வைத்தது. அவருக்கு ஆதரவாக நகரை நோக்கி வந்த கறுப்பின மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். அந்த முறை அதிபர் கிராண்ட் படைகளை அனுப்பினார். கிராஸ்பி மீண்டும் பதவியில் அமர்ந்தார். ‘நமக்குக் கேட்க ஆள் இருக்கிறது’ என்ற நம்பிக்கை மக்களிடம் பிறந்தது.

கடிதங்கள் வந்த வேளை

1875 செப்டம்பர் 4-ஆம் தேதி கிளின்டன் என்ற ஊரில் குடியரசுக் கட்சியின் கூட்டம். குடும்பம் குடும்பமாக மக்கள் விருந்துக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள். கூட்டத்தில் சண்டை மூண்டு துப்பாக்கிச் சூடு நடந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆனால் அதற்கடுத்த சில நாட்களில் நடந்ததுதான் பெருங்கொடுமை. ஆயுதக் கும்பல்கள் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கறுப்பினத்தவரைத் தேடிப் பிடித்துக் கொன்றன. கொல்லப்பட்டோர் முப்பதுக்குக் குறையாது என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

அந்த நாட்களில்தான் ஆளுநர் மாளிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. விக்ஸ்பர்க்கிலிருந்து எழுதிய ஒருவர், ஆயுதம் ஏந்தியவர்கள் இன்றைக்கே பக்கத்து ஊருக்குக் கொலை செய்யக் கிளம்புகிறார்கள் என்று தெரிவித்துவிட்டு, எங்களுக்குப் பாதுகாப்பே கிடையாதா என்று ஆளுநரைக் கேட்கிறார். யாஸூ மாவட்டத்திலிருந்து, தேர்தல் நெருங்கிய வேளையில் இன்னொரு கடிதம். ஆட்களைத் தூக்கிலிட்டுவிட்டார்கள், ஓட்டுச் சீட்டைக்கூட எங்களுக்குக் கிடைக்க விடமாட்டார்கள், மத்தியப் படையை அனுப்புங்கள் என்று மன்றாடுகிறது. கடிதத்தை முடிக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது என்ற செய்தியும் அதில் இருக்கிறது. உதவி, உதவி என்றுதான் அது முடிகிறது.

இவற்றின் மொழி கொச்சையானது, எழுத்துப் பிழைகளும் அதிகம். அதைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அடிமைக் காலத்தில், பல தென்மாநிலங்களில், அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே சட்டப்படி குற்றம். விடுதலை கிடைத்துப் பத்தே ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் கற்ற எழுத்தைக்கொண்டு, தம் மாநிலத்தின் ஆட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த வளைந்து நெளிந்த எழுத்தில் ஒரு குடிமகனின் உரிமை நிமிர்ந்து நிற்கிறது. எஜமானரிடம் கருணை கேட்கும் கடிதமல்ல அது. நான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரிடம், ‘உன் கடமையைச் செய்’ என்று கேட்கும் கடிதம்.

ஆளுநரும் கடிதம் எழுதினார்

கேட்டவர்களுக்கு ஏம்ஸ் என்ன செய்தார்? அவரும் எழுதினார்! வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார், படை வேண்டும் என்றார். அதே வேளையில் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜேம்ஸ் ஜார்ஜும் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். மாநிலத்தில் அமைதி நிலவுகிறது, படை எதற்கு என்றார்.

செப்டம்பர் 14-ஆம் தேதி மத்தியத் தலைமைச் சட்டத்துறைத் தலைவர் பியர்பான்ட் பதில் எழுதினார். தெற்கில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் நடக்கும் இந்தக் கலவரங்களைக் கேட்டுக் கேட்டு மக்கள் சலித்துவிட்டார்கள் என்பது அதிபரின் கருத்தாக அதில் இருந்தது. முதலில் உங்கள் சொந்தப் படையைப் பயன்படுத்துங்கள் என்றும் ஏம்ஸுக்குச் சொல்லப்பட்டது. அக்டோபரில் ஒஹாயோ மாநிலத்தில் தேர்தல் இருந்தது. தெற்கே படை அனுப்பினால் அங்கே தோற்றுவிடுவோம் என்று கட்சிக்காரர்கள் எச்சரித்ததாக, கிராண்ட் பின்னர் தம்மிடம் சொன்னார் என்று மிஸிஸிப்பியின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லின்ச் எழுதிவைத்திருக்கிறார். ஒஹாயோவின் ஓட்டு கனத்தது, மிஸிஸிப்பியின் உயிர் இலேசாகிப்போனது!

ஏம்ஸ் மாநிலக் காவற்படையைத் திரட்டத் தொடங்கினார். அதில் சேர முன்வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். செனட்டர் சார்ல்ஸ் கால்ட்வெல் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். இன அடிப்படையிலான போரே மூண்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அக்டோபரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. படையைக் கலைத்துவிடுகிறோம், நீங்கள் தேர்தலை அமைதியாக நடக்க விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். படை கலைந்தது. வாக்குறுதி காற்றில் பறந்தது.

அந்த அக்டோபரில் ஏம்ஸ் தம் மனைவி பிளான்ச்சுக்கு எழுதிய கடிதத்தில், ஆயுத பலத்தால் ஒரு புரட்சி நடந்துவிட்டது, ஓர் இனம் வாக்குரிமையை இழந்து இரண்டாவது அடிமைத்தனத்துக்குத் தள்ளப்படுகிறது என்று குறிப்பிட்டார். தேர்தலுக்கு முன்பே முடிவு அவருக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பரில் தேர்தல். யாஸூ மாவட்டத்தில் 1873-இல் குடியரசுக் கட்சிக்கு 2,400-க்கும் மேற்பட்ட ஓட்டுகள். 1875-இல் எத்தனை தெரியுமா? வெறும் 7! டிசம்பரில் கால்ட்வெல் கிளின்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். புதிய சட்டமன்றம் ஏம்ஸ் மீது பதவி நீக்க விசாரணை தொடங்கியது. 1876 மார்ச்சில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, அவர் பதவி விலகினார்.

கடிதங்கள் தோற்றனவா?

உயிரைக் காப்பாற்றும் வேலையில் அவை தோற்றுத்தான் போயின. 1890-இல் மிஸிஸிப்பி புதிய அரசமைப்புச் சட்டம் இயற்றி, வாக்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று தடைகளைப் போட்டது. 1964-இல்கூட அங்கே வாக்காளராகப் பதிவு பெற்ற கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே நிலைமை மாறியது.

ஆனால் கடிதங்கள் அழியவில்லை. 1876-இல் செனட்டர் பௌட்வெல் தலைமையிலான குழு மிஸிஸிப்பி தேர்தலை விசாரித்தது. கால்ட்வெல்லின் மனைவி உட்படப் பலர் அதன்முன் சாட்சி சொன்னார்கள். ஆளுநருக்கு வந்த கடிதங்களும் அந்த அறிக்கையில் அச்சேறின.

இதன் அருமை பின்னர்தான் தெரிந்தது. வென்றவர்கள் வரலாறு எழுதினார்கள். ஏம்ஸ் கொள்ளையடிக்க வந்த வடக்கத்தியர், கறுப்பினத்தவர் ஆளத் தகுதியற்றவர்கள் என்பதே பல தலைமுறைகளுக்குப் பாடமானது. 1956-இல் ஜான் கென்னடி வெளியிட்ட புகழ்பெற்ற நூலிலும் ஏம்ஸைப் பற்றி அதே தொனிதான். ஏம்ஸின் மகள் பிளான்ச் விடவில்லை. திருத்துங்கள் என்று கென்னடிக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். கென்னடி அதிபரான பிறகு, ‘உங்கள் பாட்டியின் கடிதங்களை நிறுத்தச் சொல்லக்கூடாதா?’ என்ற பொருளில் தம்மிடம் கேட்டதாக அந்த அம்மையாரின் பேரன், எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்டன் சொல்லியிருக்கிறார். கென்னடி திருத்தவில்லை. 1964-இல், எண்பது வயதைக் கடந்த அந்த மகள், தந்தையின் வரலாற்றைத் தாமே நூலாக வெளியிட்டார்.

அதற்குப் பின்வந்த ஆய்வாளர்கள் பழைய அறிக்கைகளைப் புரட்டினார்கள். அங்கே பிழை மலிந்த கடிதங்கள் காத்திருந்தன. வென்றவர்கள் எழுதிய பிழையற்ற நூல்களைவிட அவை உண்மை பேசின.

நேயர்களே, ஓட்டுரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, அதைக் காக்க அரசு முன்வர வேண்டும். காக்கத் தவறினால், தவறிய கதையாவது எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் தெரியாத அந்த ஊர் மக்கள் உயிருக்கு அஞ்சிய வேளையிலும் பேனாவை எடுத்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு 1875-இல் பதில் வரவில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.