மதகு இழந்த டிரான்சிஸ்டர்



'டிரான்சிஸ்டர்' என்ற சொல்லுக்கு நம் இல்லங்களில் நெடுங்காலம் வானொலிப் பெட்டி என்றே பொருள். ஊரை விட்டு டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இரவு வேளையில் தாய்மொழியைக் கொண்டுவந்த தோழன் அது. பெட்டிக்கு வழங்கிய பெயரோ உண்மையில் அதனுள் இருந்த ஒரு சிற்றுறுப்பின் பெயர். அச்சிற்றுறுப்பு பாட்டையும் செய்தியையும் பெருக்கித் தந்ததோடு நில்லாமல், மனிதரின் இரத்தத்திலுள்ள புரதத்தையும் உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வையும் இனங்காணும் பணியில் புகுந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றோம்.

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1947 டிசம்பரில் பார்டீனும் பிராட்டெய்னும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். நம் கதைக்கு உரியது அதன் தம்பி. 1959ஆம் ஆண்டையொட்டி அதே கூடத்தில் முகமது அட்டல்லா, டாவோன் காங் என்ற இருவரும் சிலிக்கனைக் கொண்டு உருவாக்கிய வகை அது. சிலிக்கன் பரப்பில் மின்னோட்டம் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறும். இடையே, கண்ணாடியை ஒத்த மெல்லிய ஆக்ஸைடுப் படலமும், அதன்மீது ஓர் உலோகத் தகடும் உண்டு. தகட்டில் ஏற்றப்படும் மின்னூட்டம் கீழே ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். தகடு சிலிக்கனைத் தொடுவதே இல்லை. தொடாமலே ஆட்சி செலுத்துகிறது.

இத்தகட்டை ஆங்கிலத்தில் 'கேட்' என்பர். அகராதிகள் 'வாயில்' என்று தமிழ்ப்படுத்துகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் நிறைவு தரவில்லை. மின்னோட்டம் செல்லும் பாதைக்குக் கால்வாய் என்றே பெயரிட்டிருக்கும்போது, அதனைக் கட்டுப்படுத்துவது மதகு அன்றோ? தலைமடை, கடைமடை, நடுவே மதகு: நம் உழவர் கேட்டால் ஒரு நொடியில் விளங்கிக்கொள்வர். ஆகவே இக்கட்டுரையில் மதகு என்றே வழங்குவோம்.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 1961இல் தொடங்கப்பட்ட ட்வென்டே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பீட் பெர்க்வெல்டு என்னும் பொறியியலாளர் பணியாற்றினார். நரம்புகளைச் சுற்றியுள்ள திரவத்தில் அயனிகள் எவ்வாறு மாறுகின்றன என்று அளக்க அவர் விரும்பினார். 1970இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் அவர் கூறிய வழி வியப்பானது: டிரான்சிஸ்டரின் உலோக மதகை அடியோடு நீக்கிவிட்டு, ஆக்ஸைடுப் படலத்தை நேரே திரவத்தில் நனைய விட்டார். மின்கருவிக்கு ஈரம் பகை என்று உலகமே அஞ்சிய காலம் அது. இவரோ ஈரத்தையே மதகாக்கினார். திரவத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் படலத்தின் மேற்பரப்பில் ஒட்டியும் விலகியும் அங்குள்ள மின்னூட்டத்தை மாற்ற, கீழே ஓடும் மின்னோட்டம் அதற்கேற்ப மாறிற்று. ஜப்பானியராகிய மாட்சுவோவும் அமெரிக்கராகிய வைஸும் 1974இல் சிலிக்கன் நைட்ரைடுப் படலத்தைக் கையாண்டு இம்முறைக்கு உறுதி சேர்த்தனர்.

அமிலத்தன்மையை அளக்க 1909 முதலே கண்ணாடி மின்வாய் இருந்தது. அது உடையும், இறைச்சியிலோ பாலாடைக் கட்டியிலோ குத்தி அளக்க ஏற்றதன்று. உடையாத சிலிக்கன் கருவி முதலில் இடம்பிடித்தது இத்தகைய உணவுத் தொழிலில்தான். மருத்துவத்தின் வாசலில் அது நெடுநாள் காத்து நிற்க நேர்ந்தது.

1980இல் காராஸும் ஜனாட்டாவும் பெனிசிலினை இனங்காணும் டிரான்சிஸ்டரை அறிவித்தனர். பெனிசிலினைச் சிதைக்கும் என்ஸைமைப் பரப்பில் பதித்தார்கள். சிதைவில் அமிலம் பிறந்தது. கருவி அமிலத்தை உணர்ந்தது. கருவி கண்டது பெனிசிலினையன்று, அதன் சிதைவில் பிறந்த அமிலத்தையே. இந்த நுட்பத்தை நேயர்கள் நினைவில் இருத்தவேண்டும். பின்னர் வந்த வெற்றிக்கு வித்து இதுவே.

புரதத்தை நேரே காணலாகாதா என்ற ஆசை எழுந்தது. நோய்க்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மதகின் இடத்தில் பதித்துவிட்டால், புரதம் வந்து ஒட்டும்போது அதன் மின்னூட்டமே சேதி சொல்லாதா? கேட்கத் தெளிவாக இருந்த இவ்வெண்ணத்தைக் கெடுத்தது உப்பு. உப்புநீரில் ஒரு மின்னூட்டம் இருப்பின், எதிர்க்குறியுள்ள அயனிகள் உடனே வந்து சூழ்ந்துகொள்ளும். சற்று அப்பால் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். இந்தத் திரையின் அளவை 1923இலேயே டெபை, ஹூக்கல் என்ற இருவர் கணித்திருந்தனர். நம் இரத்தத்தின் உப்புச் செறிவில் அது ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அதாவது ஒரு மீட்டரை 100 கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட இல்லை. எதிர்ப்பொருளோ ஏறத்தாழ 10 நானோமீட்டர் நீளமுள்ளது. அதன் நுனியில் வந்து ஒட்டும் புரதத்தின் குரல், கீழே இருக்கும் சிலிக்கனுக்கு எட்டுவது எங்ஙனம்?

எட்டியதாக அறிவித்தவர் பலர். அவர்களுக்கு எதிராகத் தடைகளை ஒளிக்காமல் எடுத்துரைத்து 1991இல் விமரிசனக் கட்டுரை எழுதியவர் யார் என்றால், அதே பெர்க்வெல்டுதான். தாம் பெற்ற பிள்ளையின் குறையைச் சபையில் சொல்லும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2001இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லீபர் குழுவினர் சிலிக்கனை மயிரிழையினும் மிக நுண்ணிய கம்பியாக்கி, மிகச் சிறிதளவு புரதத்தையும் உணர்த்திக் காட்டினர். 2005இல் புற்றுநோயைக் குறிக்கும் புரதங்கள் சிலவற்றை ஒருங்கே கண்டனர். ஆனால் ஊனீரை அளக்குமுன் அதன் உப்பை நீக்கவேண்டியிருந்தது. அந்த ஒரு படி மருத்துவமனையில் எவ்வளவு பெரிய படி என்பதை ஆய்வுக்கூடத்துப் புகழுரைகள் அதிகம் பேசுவதில்லை.

டி.என்.ஏ.வின் கதை வேறுவிதமாக முடிந்தது. டி.என்.ஏ. இழையில் ஓர் எழுத்து புதிதாகச் சேரும்போதெல்லாம் ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியேறும். அதனை டிரான்சிஸ்டரால் உணரலாமென்று 1992இல் ஜப்பானில் சகுராயும் ஹுசிமியும் காட்டியிருந்தனர். அமெரிக்கரான ஜொனாதன் ராத்பெர்க், 1999இல் தம் பச்சிளங் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, நோய் இன்னதென்று தெரியாமல் காத்திருந்த தந்தை. மரபெழுத்துகளை விரைந்து படிக்க வேண்டுமென்ற வேகம் அன்று பிறந்தது. முதலில் ஒளியைக் கொண்டு படிக்கும் பொறியைச் செய்தார். பின்னர் 2010இல் வெளிவந்த பொறியில் ஒளி இல்லை, சாயம் இல்லை. கணினிச் சில்லுகளைச் செய்யும் அதே முறையில் செய்த இலட்சக்கணக்கான நுண்குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் மதகிழந்த ஒரு டிரான்சிஸ்டர். நான்கு எழுத்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, எந்தக் குழியில் அமிலம் பிறக்கிறதென்று பார்த்தால் போதும். 2011இல் இவ்வாறு படித்து வெளியிடப்பட்ட மரபுத் தொகுதி, சில்லுகளின் வளர்ச்சிக்கு 1965இலேயே விதி சொன்ன கார்டன் மூருடையது. ஒரே எழுத்து பல முறை தொடர்ந்து வருமிடத்தில் இப்பொறி எண்ணிக்கை தவறுவதுண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புரதத்திற்கான தேடல் ஓயவில்லை. 2020இல் கொரோனா பரவியபோது, தென்கொரிய ஆய்வாளர்கள் கிராஃபீன் என்னும் கரிப்படலத்தால் ஆன டிரான்சிஸ்டரில் எதிர்ப்பொருளைப் பதித்து நோய்க்கிருமியை இனங்கண்டதாகக் கட்டுரை வெளியிட்டனர். எனினும் அவ்வாண்டில் நம் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்த மாதிரிகளெல்லாம் சென்றது பழைய முறைச் சோதனைகளுக்கே.

உப்பின் திரையை ஏமாற்றும் ஒரு வழி அதற்கு ஈராண்டு முன்னரே, 2018இல், அமெரிக்காவில் வெளிவந்திருந்தது. நீண்ட எதிர்ப்பொருளுக்குப் பதிலாகக் குறுகிய டி.என்.ஏ. இழைகளைப் பரப்பில் பதிக்கிறார்கள். தேடும் பொருள் வந்து பற்றியதும் இழை மடங்கி உருமாறுகிறது. அதன் மின்னூட்டம் இடம் பெயர்ந்து டிரான்சிஸ்டரின் செவிக்கு எட்டுகிறது. இவ்வாறு உடலின் உப்புச் செறிவிலேயே செரட்டோனினையும் டோபமைனையும் அவர்கள் கண்டனர். இரண்டும் மிகச் சிறிய மூலக்கூறுகள். மின்னூட்டமும் அவற்றில் சொற்பமே. நரம்புகளை அளக்கப் புறப்பட்ட கருவி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, நரம்புகள் தமக்குள் பேசும் பொருள்களிடமே வந்து சேர்ந்தது.