கொதிக்க வைத்தே ஓட்டிய காலம்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவருக்குத் தெரியாமல் அவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். வழியில் எரிபொருளுக்காக ஒரு மருந்துக்கடையில் நின்ற கதை பிரபலம். தண்ணீருக்காக அடிக்கடி நின்றதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீர் கொதித்து ஆவியாகும், சூடும் அதோடு போகும், குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிப்பது அங்கே கோளாறல்ல, அதுதான் ஏற்பாடு.

அதைக் கோளாறாக மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 காரின் முன்னால் 8,070 சின்னஞ்சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்றை வைத்தார். அதே தண்ணீர் சுற்றிச்சுற்றி வந்து ஆறியது. இனி ஆவி வந்தால் எங்கோ பழுது என்று பொருள். அன்றிலிருந்து சூட்டைத் தணிக்கச் சேர்த்த ஒவ்வொரு உறுப்பும், சூடேறினால் தேட வேண்டிய இன்னொரு இடமாகவும் ஆனது.

ஹென்றி ஃபோர்டு உறுப்பைக் குறைத்துப் பார்த்தார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற மாடல் டி-யில், முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு வாட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அது போதும் என்பது கணக்கு. ஆனால் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி அறுந்துவிடும். அதனால் பலர் ரேடியேட்டர் மூடியிலேயே பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியைப் பொருத்திக்கொண்டார்கள். அது அளந்தது தண்ணீரை அல்ல, மேலே நிற்கும் ஆவியை. பின்னால் வந்த மீட்டர்களுக்கு வேறொரு குறை: சென்சாரை விட்டுத் தண்ணீர் இறங்கிவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நல்ல பிள்ளையாகக் கீழே வந்துவிடக்கூடும்.

நம் சாலைகளுக்கு வருவோம். அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 1959இல் அதற்கு பி.எம்.சி. நிறுவனத்தின் 1,489 சிசி எஞ்சின் வந்தது. ஒரே பெல்ட்தான் ஃபேன், வாட்டர் பம்பு, டைனமோ மூன்றையும் சுற்றியது. டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்து, கூடவே சூடும் ஏறினால், பானட்டைத் திறக்குமுன்பே டிரைவருக்குத் தெரியும்: பெல்ட் போச்சு. எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும் என்பது இந்த அமைப்பின் இன்னொரு பலவீனம். ஆகவே நெரிசலில் மட்டும் சூடேறி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் பழுது காற்றுப் பக்கம்: தளர்ந்த பெல்ட், அழுக்கேறிய ரேடியேட்டர் தகடு. வேகமாகப் போகும்போது சூடேறினால் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம்: அடைத்த குழாய், தேய்ந்த பம்பு, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ்.

மலைப்பாதை இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும். கல்லாறு தாண்டிக் குன்னூருக்கு ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டியோ நகரும் வேகத்தில்தான் போகும். போதாததற்கு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் பிரஷர் கேப். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். அதன் ரப்பர் வாஷர் இற்றுப்போனால் அது வெறும் மூடி. ரேடியேட்டரையே கழற்றிப் போட்டுத் தேடிய பிறகு மூடியைச் சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. சூட்டோடு அதைத் திறந்தால் அழுத்தம் விட்ட தண்ணீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஆறாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

வெயில் நாட்டு மெக்கானிக்குகள் செய்த திருத்தம், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தது. “நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு சார்?” கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாமல் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், ஆயிலில் கசடு சேரும். பைபாஸ் ஹோஸ் உள்ள எஞ்சின்களில் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும்.

பெரிய வில்லன் போர்வெல் தண்ணீர். அதன் சுண்ணாம்பு குழாய்களுக்குள் படிந்து சூட்டை வெளியே விடாது. செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்ததால் தொட்டியை உருக்கிப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயப்பற்று வைக்க முடிந்தது. அந்த வேலையை நம்பி ஊருக்கு ஊர் கடைகள் இருந்தன. அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்தபின் அந்த வேலை சுருங்கியது; பழுது பார்ப்பதில்லை, மாற்றுகிறார்கள்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்தது, ஃபேன் மின்மோட்டாரில் ஓடியது. சிக்னலில் நின்றாலும் காற்று குறையவில்லை. பதிலுக்கு ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று தேடுமிடங்கள் கூடின. இப்படிப்பட்ட கார் நெரிசலில் சூடானால் மெக்கானிக் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேரே ஒரு ஒயர் கொடுத்துப் பார்ப்பார். சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்சோ ரிலேயோ போயிருக்கிறது.