26 அங்குலம்: ஓர் அளவின் வரலாறு

மலை மிதிவண்டிக்குப் புதிய டயர் வாங்குவோர் முதலில் நோக்குவது சக்கரத்தின் விட்டத்தை. பல்லாண்டுகள் அது 26 அங்குலமாகவே இருந்தது. மலைப்பாதையை ஆராய்ந்து வகுத்த அளவன்று அது. 1933இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் சிறுவர் மிதிவண்டிக்கு 26 அங்குல விட்டமும் 2.125 அங்குல அகலமும் உடைய பலூன் டயரைப் பொருத்தியது. 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவுகளில் விரைந்திறங்கிய இளைஞர்கள் அப்பழைய வண்டிகளையே தேடிப்பிடித்தனர். பந்தய வண்டிகளின் மெல்லிய டயர்கள் அக்கரட்டு மண்பாதைக்கு ஈடுகொடுக்கவில்லை. 1977இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கெனவே புதிய சட்டகம் அமைத்தபோதும், சக்கரம் 26 அங்குலமே. அகன்ற 29 அங்குல மலை டயர் 1999இல்தான் சந்தைக்கு வந்தது. கிடைத்த பொருள் வழக்காயிற்று, வழக்கே தரமாயிற்று. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர், ‘எது சிறந்தது’ என்பதற்கு முன் ‘எது கையிலிருந்தது’ என வினவுதல் வேண்டும்.