பிஜித் தீவில் ஒரு தமிழ்ச் சங்கம்

அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளில் ‘மொழிபெயர் தேயம்’ என்னும் தொடர் பயின்று வருதலைக் கற்றோர் அறிவர். வேங்கடத்திற்கு அப்பால், வேற்றுமொழி வழங்கும் நாடு என்பது அதன் பொருள். ஆங்குச் செல்லும் தலைவன் பொருளீட்டி மீள்வான்; நிலத்தில் மொழி மாறுமேயன்றி அவன் நாவில் மாறுவதில்லை. மீளாது தங்கி, இரண்டொரு தலைமுறையில் தம் நாவிலேயே மொழி பெயரக் கண்டவர் ஒரு சாரார் உளர். அவர்கள் பிஜித் தீவினர். அவர்தம் சங்கத்தைப் பற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசெல்லும் வழக்கம் 1879இல் கல்கத்தாவிலிருந்து தொடங்கிற்று. சென்னைத் துறையிலிருந்து கப்பல் சென்றதோ 1903இல்தான். 1916 வரை சென்றோர் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் தென்னாட்டார் கால் பங்கினர். வடஆர்க்காடு மாவட்டம் அவருட் பலரைத் தந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை அமைந்த இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியே செல்வது. வடஆர்க்காட்டார் பலர் அவ்வழியே துறைமுகம் சேர்ந்திருத்தல் கூடும். இன்று நாள்தோறும் அப்பாதையிற் செல்லும் நம் மாணவர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றலாம்.

ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்டிர்க்கு ஒன்பது பென்ஸ் என்பது ஏட்டிலிருந்த கூலி. கரும்புத் தோட்டத்தில் அவர் பட்ட துயரைப் பாரதியார் பாடினார். அப்பாட்டுத் தமிழர் நெஞ்சில் பதிந்தது நன்றே. எனினும் அதனால் ஒரு குறையும் நேர்ந்தது. பிஜித் தமிழரை அழுவோராகவே நாம் அறிந்தோம். 1920இல் ஒப்பந்த முறை ஒழிந்தபின் அவர் தமக்கென ஒன்றைக் கட்டியெழுப்பியதை நாம் ஆராயவில்லை.

அவ்வாறு கட்டியதே ‘தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’. 1926இல் நாடியில் இதனைத் தோற்றுவித்தவர் சாது குப்புசாமி. அவரும் ஒப்பந்தத் தொழிலாளியாய் வந்தவரே. பெயரில் அமைந்த ஒவ்வொரு சொல்லும் நோக்கத்தக்கது. ‘தமிழர்’ என்னாது ‘தென் இந்திய’ என்றமைக்குக் காரணம் உண்டு. முன்னரே வேரூன்றியிருந்த வடநாட்டார் நடுவே தமிழர், தெலுங்கர், மலையாளிகள் அனைவரும் ‘மதராசி’ என ஒரே பெயரால் சுட்டப்பட்டனர். இழிவாக வழங்கிய ஒருமையை அவர்கள் ஐக்கியமாக மாற்றிக்கொண்டனர் எனலாம். அவ்வொற்றுமை முழுமையாக நிலைக்கவில்லை. 1941இல் ஆந்திரர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். ‘சன்மார்க்கம்’ என்பது திருமூலர் காலந்தொட்டு வழங்கும் சொல். பிற்காலத்து அதனை மக்கள் நாவிற் பரப்பியவர் ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலையும் பாடிய இராமலிங்க அடிகள். எனினும் குப்புசாமி சார்ந்தது இராமகிருஷ்ணர் நெறியே. 1937இல் அவிநாசானந்தரும் 1939இல் உருத்திரானந்தரும் அம்மடத்திலிருந்து பிஜிக்கு வந்து சங்கத்திற்குத் துணை நின்றனர்.

சங்கம் பள்ளிகளை நிறுவியது. தென்மொழிகளையும் கற்பிக்க வேண்டுமென வாதாடியது. இந்திய மக்களுக்கெல்லாம் இந்துஸ்தானி ஒன்றே போதும் என்னும் எண்ணம் அரசிடம் மேலோங்கியிருந்த காலம் அது. பள்ளிகள் நிலைத்தன, தமிழ் நிலைக்கவில்லை. இன்று பிஜித் தென்னாட்டார் இல்லங்களில் பெரும்பாலும் வழங்குவது பிஜி இந்தியே. சுவாவில் மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. நாடியில் சிவசுப்பிரமணியர் கோயில் 1994இல் திராவிடச் சிற்பமுறையில் புதுக்கப்பெற்றது. ஈஸ்டர் விடுமுறைதோறும் சங்க மாநாடு கூடுகிறது. மொழி குன்றிய பின்னும் சங்கம் குன்றவில்லை.

இதற்கு ஒப்புநோக்கத் தக்கவர் கனடாவின் ஐஸ்லாந்தியர். அவர்கள் 1875இல் வின்னிபெக் ஏரியின் மேல்கரையிற் குடியேறி, 1886இலும் 1888இலும் தம் மொழியில் செய்தித்தாள்கள் கண்டனர். 1890 முதல் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர். 1951இல் மானிடோபாப் பல்கலைக்கழகத்தில் தம் மொழிக்குத் துறையே அமைத்தனர். ஆயினும், 1959இல் ஒன்றான அவ்விரு தாள்களும் இன்று ஆங்கிலத்தில் ஒரே தாளாக வெளிவருகின்றன. தமக்கென ஒதுக்கிய நிலத்தில் ஒருங்கு வாழ்ந்து, ஏடும் எழுத்துமாய் வந்தவர்க்கே இந்நிலை. தமிழரோ கம்பெனி விரும்பியவாறு தோட்டந்தோறும் சிதறப் பங்கிடப்பட்டவர்; அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் ‘மொழியைப் பேணத் தவறினர்’ என அவர்மேல் குறை கூறுதல் பொருந்தாது என்பது எம் துணிபு. மொழி அழிந்தால் இனமரபும் அழியும் என்று நம்மிடை வழங்கும் முடிபையும் இங்கு அப்படியே பொருத்திக் காண இயலாது. சடங்கும் உணவும் கூட்டமும் மொழியினும் நெடிதாய் நிற்றலைக் காண்கிறோம். ஆயின் பாடுவதன் பொருள் பாடுவோர்க்கே விளங்காத நிலையை ‘மரபு’ என்பதா என்னும் வினா எஞ்சுகிறது. அவ்வினாவிற்கு விடை காண, கோயில்களிலும் சடங்குகளிலும் இன்னும் வழங்கும் பாட்டுகளைத் திரட்டி, அவற்றின் பாடவேறுபாடுகளையும் ஒலித்திரிபுகளையும் வடஆர்க்காட்டு வழக்கோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும்.

1987இன் இராணுவப் புரட்சிக்குப்பின் பிஜி இந்தியர் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகட்குப் பெயர்ந்தனர். சென்றவிடங்களிலும் தென்னாட்டார் வழியினர் ‘சங்கம்’ என்னும் அதே பெயரால் கூடுகின்றனர். அவர்கள் ஊர் என்று நினைப்பது வேலூரையன்று, நாடியை.