சிங்கமலைச் சுரங்கமும் கொழும்பும்

கொட்டகலையில் பெய்யும் மழை கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியோடு கலந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. எங்கள் தேயிலை மட்டும் அந்தத் திசைக்குப் போகவில்லை. மேற்கே சிங்கமலைச் சுரங்கத்தில் நுழைந்து, ஹட்டன் வழியாகக் கொழும்புக்கு இறங்கியது. திருகோணமலையில் இயற்கைத் துறைமுகம் இருக்க, ஏற்றுமதி முழுவதும் ஏன் கொழும்பில் குவிந்தது? நான் மாணவருக்கு இலங்கைப் படம் வரையும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் போடுவேன்.

கோப்பிக் காலத்தில் மூட்டைகள் மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போயின. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும் ரயில் வந்தது. இதற்கிடையே 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கிவிட்டது. கோப்பியை நம்பிப் போட்ட பாதை, 1885இல் நானுஓயாவைத் தொட்டபோது அதற்குச் சுமை தேயிலைதான். நாற்பத்து நான்கு அடிக்கு ஓரடி ஏற்றம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம். பாடநூலில் தேசாதிபதியின் பெயர் இருக்கும். மலையைக் குடைந்த தென்னிந்தியக் கூலிகளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அதே 1885இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவரும் முடிந்தது. அதுவரை நீராவிக் கப்பல்களின் துறை காலி. ரயிலும் சுவரும் சேர்ந்து காலியின் பிழைப்பைப் பறித்தன. கப்பல் பயணிகளுக்கு மாணிக்கம் விற்ற நம்மவர்கள் கப்பலின் பின்னால் போக வேண்டியதாயிற்று; காலியில் தொடங்கிய மாக்கான் மாக்கார் வணிகமும் கொழும்புக்கு வந்தது அப்படித்தான்.

1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமானது. விலை, சுவை பார்த்தல், கலவை, காப்புறுதி, கப்பல், எல்லாம் அங்கே. மலையில் மிஞ்சியது கொழுந்து நிறுவையும் கூலியும். ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை எல்லாம் ஸ்டேசனை ஒட்டிய கடைவீதிகளாகவே வளர்ந்தன. மேலேறி வந்த அரிசியையும் துணியையும் தோட்டத்துக்கு விற்ற கடைகளில் நம் முஸ்லிம்களின் கடைகளும் உண்டு. சம்பள நாளில் கலகலக்கும், மற்ற நாளில் ஈயோட்டும். நகரம் என்று சொல்லிக்கொள்ள வேறென்ன இருந்தது?

இன்று தேயிலை பெரும்பாலும் லொறியில் போகிறது. ஆனால் ரயில் இறக்கிய சுமையில் ஒன்றை வணிகக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மலைநாட்டு ஸ்டேசன்களில் ஏறியவர்கள் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் பிளாட்பாரத்தில் கட்டிப்பிடித்து அழுததால் அந்த வண்டிக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அக்கரையில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், மறுபடியும் கொழுந்துக் கூடையையே தலையில் மாட்டிக்கொண்டார்கள்.