கிருமியைத் தின்னும் கிருமி: மறந்துபோன ஒரு மருத்துவத்தின் கதை

கங்கை நீர் கெடாது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. அதன் பின்னணியில் உண்மையான ஓர் ஆய்வு உண்டு. ஆக்ராவில் அரசுப் பணியில் இருந்த ஆங்கிலேயர் எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலரா கிருமிகள் விரைவில் இறந்துபோவதைக் கண்டு 1896-ல் எழுதினார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் குறிப்பிட்டார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அதற்கு விடை போன்ற ஒன்று பின்னர் ஐரோப்பாவில் கிடைத்தது. 1915-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் ட்வார்ட்டும், 1917-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பெலிக்ஸ் டெரெலும், பாக்டீரியாவை அழிக்கும் மிக நுண்ணிய ஒன்றைத் தனித்தனியே கண்டார்கள். டெரெல் அதற்கு 'பாக்டீரியோபேஜ்' என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். சுருக்கமாக பேஜ். இது ஒருவகை வைரஸ். பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மனித செல்களை இது தாக்குவதில்லை.

டெரெல் இதை 1919-ல் சீதபேதி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1927-ல் இந்தியாவுக்கு வந்து காலராவிலும் சோதித்தார். அவருடைய நண்பர் ஜார்ஜ் எலியாவா, ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் 1923-ல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஸ்டாலின் ஆட்சியில் 1937-ல் எலியாவா சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் நிறுவனம் பிழைத்தது. இன்றும் அங்கே பேஜ் மருத்துவம் நடக்கிறது.

மற்ற நாடுகள் ஏன் கைவிட்டன? ஒரு பேஜ் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். நோயாளியின் உடலில் உள்ள கிருமிக்குப் பொருத்தமானதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அக்காலத் தயாரிப்புகளின் தரமும் சீராக இல்லை. 1940-களில் பென்சிலின் வந்தது. ஒரே மருந்து பல கிருமிகளைக் கொன்றது. பேஜை யார் தேடுவார்கள்?

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 நோபல் உரையிலேயே எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடும் ஒருவரைக் கற்பனையாகச் சொன்னார். அவர் உடலில் மருந்துக்குப் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. பென்சிலின் வேலை செய்யாமல் மனைவி இறக்கிறார். அன்று கற்பனை, இன்று எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமிகளை மருத்துவமனைகள் நேரில் பார்க்கின்றன.

அதனால்தான் பழைய வழி மீண்டும் தேடப்படுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன் 2015 இறுதியில் எகிப்து பயணத்தில் இப்படிப்பட்ட கிருமியால் நோயுற்றார். அவருடைய மனைவி ஸ்டெபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோயியல் வல்லுநர். அவர் பல ஆய்வகங்களை நாடிப் பொருத்தமான பேஜ்களைத் திரட்டினார். 2016-ல் கோமாவில் இருந்த பேட்டர்சன் பிழைத்தார். ஆனாலும் பேஜ் மருத்துவம் பெரும்பாலான நாடுகளில் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. நாளைக்கே மருந்துக் கடையில் கிடைக்கப்போவதில்லை.

ஆகவே கையில் உள்ள மருந்தைக் காப்பாற்றுவதே நம்மால் முடிந்தது. வைரஸால் வரும் சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. பழைய சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுவோம். கங்கை நீரையும் கொதிக்க வைத்தே குடிப்போம்.