கருப்பொருள் குறுக்கெழுத்துப் புதிர்

கட்டத்திலுள்ள நீண்ட விடைகள் எல்லாம் ஒரே வேடிக்கையில் உறவு கொண்டாடும்படி அமைக்கப்படும் சொற்புதிரே கருப்பொருள் குறுக்கெழுத்து. பிறந்ததும் வளர்ந்ததும் அமெரிக்க நாளிதழ்களில். இன்றைய உருவத்தைப் பெற்றது பெரும்பாலும் நியூயார்க் டைம்ஸில். பிரிட்டனில் தழைத்த மறைகுறிப்புப் புதிர் வேறு. சென்னையில் 'தி இந்து' வாசகர்கள் காலைக் காப்பியோடு மல்லுக்கட்டுவது அந்த வகையோடுதான். அங்கே ஒவ்வொரு குறிப்புக்குள்ளும் ஒரு சூழ்ச்சி இருக்கும். அமெரிக்க வகையில் குறிப்புகள் ஏறக்குறைய நேரானவை; சூழ்ச்சி முழுக் கட்டத்துக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனைத் தமிழ்க் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து கீழாக வரிசையாக கேசரி, கண்டனம், வாய்தா, கைதி, பாதகம் என்று விடைகள் விழுகின்றன. இனிப்புக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழிக்கும்போது, கடைசி வரிசையில் 'கேசாதிபாதம்', அதாவது முடி முதல் அடி வரை, என்ற விடை வந்து குட்டை உடைக்கிறது: ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் உடலின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. இப்படி உடைக்கும் விடையை ஆங்கிலப் புதிர்க்காரர்கள் 'ரிவீலர்' என்பார்கள். இதே கட்டத்தில் ஒருவர் மூக்குத்தியைச் சேர்த்திருந்தால் விமர்சகர் அங்கேயே பிடித்துக்கொள்வார். பொருளளவில் கைதியில் கையும் இல்லை, வாய்தாவில் வாயும் இல்லை. மூக்குத்தியிலோ மூக்கு மூக்காகவே இருக்கிறது. வேடிக்கை ஒரு சீராக இல்லை என்பது இத்துறையில் மன்னிக்கப்படாத குற்றம்.

ஆனால் அமெரிக்கக் கட்டத்தின் அடர்த்தியைத் தமிழில் கொண்டுவருவது பெரும்பாடு. அங்கே ஒவ்வொரு எழுத்தும் குறுக்கே ஒரு சொல்லிலும் நெடுக்கே ஒரு சொல்லிலும் உட்கார வேண்டும். உயிரும் மெய்யும் தனித்தனிப் பெட்டியில் நிற்கும் 26 எழுத்து மொழிக்கு அது முடிகிறது. 247 எழுத்துகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யப் புகுந்தால் கறுப்புப் பெட்டிகள்தான் மிஞ்சும்.

முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்தது. ஆக்கியவர் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா வந்த ஆர்தர் வின். வைர வடிவம், நடுவில் வெற்றிடம், உச்சியில் இணைப்பின் பெயரான 'ஃபன்' முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. அவர் வைத்த பெயர் 'வேர்டு-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கோப்பில் அது தலைகீழாகி 'கிராஸ்-வேர்டு' ஆனது. அந்தப் பிழையே நிலைத்துவிட்டது.

பிழைகளுக்கு அந்தப் பகுதியில் பஞ்சமே இல்லை. 1920களின் தொடக்கத்தில் புதிர்களைக் கவனிக்கும் வேலை மார்கரெட் பெதர்பிரிட்ஜ் என்ற இளம்பெண்ணின் தலையில் விழுந்தது. அவர் புதிரைப் போட்டுப் பார்ப்பதில்லை. பார்வைக்கு அழகாக இருப்பதை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவார். அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார் எஃப்.பி.ஏ. என்று நாடறிந்த நகைச்சுவைப் பத்தியாளர் ஃபிராங்க்ளின் பி. ஆடம்ஸ். விடுபட்ட குறிப்பு, தப்பான எண், இல்லாத சொல் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்து நையாண்டி செய்வது அவருக்கு வழக்கமாயிற்று. பொறுக்க முடியாமல் மார்கரெட் ஒரு புதிரைத் தாமே போட உட்கார்ந்தார். வாசகர்கள் படும் அவதி அப்போதுதான் புரிந்தது. அன்றே அகராதியின் மேல் கை வைத்து, இந்த வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று சத்தியம் செய்துகொண்டதாகப் பின்னாளில் சொன்னார். புதிருக்கு முதல் பெரிய விமர்சகர் ஒரு கிண்டல்காரர் என்பது தற்செயல்தான். ஆனால் அந்தத் தொனி இத்துறையை விட்டு இன்றுவரை போகவில்லை.

மார்கரெட்டும் இரு சக ஆசிரியர்களும் தொகுத்த முதல் குறுக்கெழுத்து நூல் 1924இல் வெளிவந்தது. சைமன் அண்ட் ஷுஸ்டர் பதிப்பகத்தின் முதல் நூலும் அதுதான். புத்தகத்தோடு ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். 3,600 பிரதிகளில் தொடங்கி, அந்த ஆண்டே நாடு முழுக்கப் பித்துப் பிடிக்கும் அளவுக்குப் போனது. கட்டத்தை 180 பாகை திருப்பினாலும் அதே வடிவம் தெரிய வேண்டும், இரண்டெழுத்துச் சொல் கூடாது, எந்த எழுத்தும் ஒற்றைச் சொல்லில் மட்டும் தொங்கக் கூடாது என்ற விதிகள் இந்தக் காலத்தில் இறுகின.

இந்தப் பித்தைக் கடுமையாகச் சாடியது நியூயார்க் டைம்ஸ். 1924 நவம்பரில் எழுதிய தலையங்கத்தில் இதைப் பாவகரமான வீண்வேலை என்றது. அடுத்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் பிடிவாதமாகப் புதிர் இல்லாமலே நாளிதழ் நடத்தியது. அதன் வெளியீட்டாளர் ஆர்தர் ஹேஸ் சல்ஸ்பெர்கரோ குறுக்கெழுத்துப் பிரியர். புதிருக்காகப் போட்டிப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது அவருக்கு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, இருட்டடிப்பு நாட்களில் வாசகருக்குப் பொழுதுபோக ஏதாவது வேண்டும் என்று ஆசிரியர் குழு இறங்கிவந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று முதல் ஞாயிறு புதிர் வந்தது. 1950 செப்டம்பர் 11 முதல் அது நாள்தோறும் வருகிறது. ஆசிரியராக அமர்ந்தவர் அதே மார்கரெட். அதற்குள் திருமணமாகி மார்கரெட் ஃபாரார் ஆகியிருந்தார். காலை உணவு மேசையில் படிப்பதால் நோய், சாவு போன்ற சொற்கள் வேண்டாம் என்ற கட்டுப்பாடும் அவர் வைத்ததுதான்.

நீண்ட விடைகளைக் கருப்பொருளால் கோக்கும் முறை அவர் காலத்தில்தான் வேரூன்றியது. 1950களில் விளம்பரத் துறையைச் சேர்ந்த ஹரால்ட் பெர்ஸ் இதில் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். பிலடெல்பியாவின் பெர்னிஸ் கார்டன், ஒரே பெட்டிக்குள் எழுத்துக்குப் பதிலாக 'அண்ட்' குறியை வைத்துப் புதிர் போட்டு வாசகர்களைக் கொதிக்க வைத்தார். ஒரு பெட்டியில் பல எழுத்தோ குறியோ நுழைக்கும் 'ரீபஸ்' இன்று டைம்ஸின் வியாழக்கிழமைப் புதிர்களில் வாசகர்கள் எதிர்பார்த்தே காத்திருக்கும் குறும்பு. கார்டன் 2013இல், 99 வயதில், பதின்வயதுப் பையன் டேவிட் ஸ்டைன்பெர்க்கோடு சேர்ந்து ஒரு புதிர் வெளியிட்டார். கருப்பொருள் வயது வித்தியாசம்.

ஃபாராருக்குப் பின் 1969இல் வந்த வில் வெங், சிரிப்பைத் தாராளமாக உள்ளே விட்டார். 1977இல் பொறுப்பேற்ற யூஜின் மலெஸ்காவிடம் அது சற்றே சுருங்கியது. பள்ளி நிர்வாகியாக இருந்தவர். லத்தீன், ஓபரா, அகராதி மூலையில் கிடக்கும் சொற்கள் என்றால் உயிர். அவர் காலத்தில் ஓரியோ என்ற ஆங்கில நாலெழுத்துக்கு 'மலை என்று பொருள்படும் முன்னொட்டு' என்பது போலக் குறிப்பு வரும். குறுக்கெழுத்துக்கு ஓராண்டு மூத்ததான, அதே பெயருள்ள பிஸ்கட்டைச் சொன்னால் தரம் தாழ்ந்துவிடும்! 1980களில் ஸ்டான்லி நியூமன் தம் செய்திமடலில் மலெஸ்காவின் புதிர்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். பழஞ்சரக்கைக் குறைத்து நடப்புலகைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்ட இளைய தலைமுறைக்கு அந்த மடல் ஒரு மேடையாயிற்று.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த வில் ஷார்ட்ஸ் 1993இல் ஆசிரியரானார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் புதிரியல் என்று தாமே பாடத்திட்டம் வகுத்துப் பட்டம் வாங்கியவர். 1978இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியைத் தொடங்கியவர். திங்கள் எளிது, நாளாக ஆகக் கடினம், வெள்ளி சனி கருப்பொருள் இல்லை, ஞாயிறு பெரிய கட்டம் என்ற வாரச் சக்கரம் அவர் காலத்தில் துல்லியமானது. வார நாட்களில் 15-க்கு 15, ஞாயிறு 21-க்கு 21.

அவர் வெளியிட்டவற்றில் பேர்பெற்றது 1996 நவம்பர் 5, அதிபர் தேர்தல் நாளில் வந்த புதிர். ஆக்கியவர் கணிதப் பேராசிரியர் ஜெரமையா ஃபாரெல். நடு வரிசையின் குறிப்பு நாளைய பத்திரிகையின் தலைப்புச் செய்தியைக் கேட்டது. விடை 'கிளிண்டன் எலெக்டட்'. ஆனால் 'பாப் டோல் எலெக்டட்' என்று போட்டாலும் பொருந்தும்! இரு பெயருக்கும் ஆங்கிலத்தில் ஏழேழு எழுத்து. அவற்றைக் கடக்கும் ஏழு சொற்களுக்கும் இரட்டை விடை. ஹாலோவீன் கறுப்புப் பிராணி என்ற குறிப்புக்குப் பூனையும் சரி, வௌவாலும் சரி: 'கேட்', 'பேட்'. தையல் கடையில் வாங்குவது நூலாகவும் இருக்கலாம், கஜமாகவும் இருக்கலாம்: 'யார்ன்', 'யார்ட்'. முடிவை முன்கூட்டி எழுதிப் பக்கச் சார்பு காட்டுவதாகக் கிளிண்டனை நிரப்பியவர்கள் தொலைபேசியில் திட்டினார்கள்; டோலை நிரப்பியவர்கள், பெருந்தவறு நேர்ந்துவிட்டது என்று பதறினார்கள். இதே யோசனையை 1980இல் கார்ட்டர், ரீகன் பெயர்களோடு மலெஸ்காவுக்கு அனுப்பியதாக ஃபாரெல் சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக நிற்கும் ஆண்டர்சன் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

2008 நவம்பர் 16 அன்று 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரில் ஹோமர், மகள் லிசாவிடம் மன்னிப்புக் கேட்கும் செய்தி ஒரு குறுக்கெழுத்தில் ஒளிந்திருந்தது. மெர்ல் ரீகிள் அமைத்த அதே புதிர் அன்றைய நியூயார்க் டைம்ஸிலும் வந்தது. தொடரைப் பார்க்காமல் புதிரைப் போட்டவர்களுக்கு அந்த ரகசியம் பிடிபட்டிருக்க வழியில்லை.

நாள்தோறும் புதிரைப் போட்டுவிட்டு விமர்சிப்பதை ஒரு தனி எழுத்து வகையாகவே ஆக்கியவர் ஆங்கிலப் பேராசிரியர் மைக்கேல் ஷார்ப். 2006 முதல் ரெக்ஸ் பார்க்கர் என்ற புனைபெயரில் எழுதுகிறார். எஃப்.பி.ஏ.வின் நேர் வாரிசு என்றே சொல்லலாம். நாக்கில் அத்தனை காரம். கருப்பொருள் சீராக இருக்கிறதா, சிரிக்க வைக்கிறதா, அதைத் தாங்க எத்தனை குப்பைச் சொற்களை நிரப்பியிருக்கிறார்கள் என்பவையே அவர் முதன்மைக் கேள்விகள். கட்டத்தை மூட உயிரெழுத்து மிகுந்த குட்டைச் சொற்கள் தேவைப்படுவதால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஓரியோ அவற்றில் ஒன்று. இந்தியாவில் 1957இல் தசம நாணயத்துக்கு வழிவிட்ட நம் அணா, அமெரிக்கக் கட்டங்களில் மட்டும் வெகுகாலம் செலாவணியில் இருந்தது. ராஜாவின் மனைவியான ராணியும் அங்கே நிரந்தரக் குடியுரிமை வாங்கியவர்.

இத்துறைக்கு ரெக்ஸ் பார்க்கர் தந்த கலைச்சொல் 'நேட்டிக்'. பாஸ்டன் மாரத்தான் வழியிலுள்ள அந்த ஊரின் பெயரும் என்.சி. வையெத் என்ற ஓவியரின் பெயரும் 2008இல் ஒரு புதிரில் முதலெழுத்தில் மோதிக்கொண்டன. இரண்டும் தெரியாதவருக்கு அந்த எழுத்தை ஊகிக்க எந்த வழியும் இல்லை. இன்று இப்படி இரண்டு அரிய பெயர்கள் முட்டிக்கொள்ளும் எந்தப் பெட்டிக்கும் நேட்டிக் என்றே பெயர். புதிர் ஆக்குவோரும் கட்டத்தை அனுப்புமுன் அதைத் தேடிக் களைகிறார்கள்.

வாசகர் கோபம் வேறு விதத்திலும் பலித்திருக்கிறது. 2019 புத்தாண்டு அன்று வந்த புதிரில் மெக்சிகோ வம்சாவளியினரை இழிவுபடுத்தும் ஒரு சொல், பேஸ்பால் குறிப்போடு அப்பாவியாக இடம்பெற்றது. எதிர்ப்பு கிளம்ப, ஷார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2024 பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது, நாளிதழின் ஐந்துக்கு ஐந்து குட்டிப் புதிரை 2014இல் தொடங்கிய ஜோயல் ஃபக்லியானோ பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் ஷார்ட்ஸ் திரும்பிவந்தார்.